வயல் ஓடுபாதையில் முதல்முறை இறங்கப் போகிறவருக்கு

தன் வயலில் புல் ஓடுபாதை வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் அதன் நீளம் என்ன என்று போனில் கேட்டேன். "எழுநூறு" என்றார். 700 மீட்டர் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை காரில் போய்க் காலால் அளந்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது கெஜக் கணக்கு. 700 கெஜம் என்றால் 640 மீட்டர். வீட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தால் 60 மீட்டர் குறைவது பெரிய விஷயமாகத் தெரியாது. ஓடுபாதையின் கோடியில் வரிசையாக நிற்கும் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு யோசித்தபோது வயிற்றைக் கலக்கியது.

இங்கிலாந்தில் தனியார் விமானி உரிமம் வாங்கிய நம்மவர்கள் சிலர், "தார் போட்ட ரன்வேயிலேயே எத்தனை நாள்தான் இறங்குவது, பண்ணை ஸ்ட்ரிப்புக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அது என்ன இடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பார்லி வயலுக்கு நடுவே ஒரு விவசாயி பத்திருபது மீட்டர் அகலத்துக்குப் புல்லை விட்டு, வெட்டிச் சீராக்கி, ஓரத்தில் ஒரு கம்பு நட்டு, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைக் கட்டியிருப்பார். பழைய வைக்கோல் கொட்டகையில் அவருடைய குட்டி விமானம் நிற்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு வண்டி, விளக்கு எதுவும் கிடையாது. காற்று எந்தப் பக்கம், தரை எப்படி என்று சொல்ல ஆள் இல்லை. விமானத்தளத்தில் பத்துப் பேர் பார்க்கும் வேலையை இங்கே நீங்கள் ஒருவரே பார்க்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் பறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் "அங்கே இறங்க முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, "அங்கிருந்து கிளம்ப முடியுமா?" உள்ளே போய்விட்டு வெளியே வர முடியாமல் விமானத்தை வயலில் விட்டுவிட்டு ரயிலேறி வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே.

விமானம் யாருடையது?

வாடகைக்கு எடுக்கும் கிளப் விமானமென்றால் முதலில் கிளப்பின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். பல கிளப்புகள் தாங்கள் ஒப்புக்கொண்ட தளங்களைத் தவிர வேறெங்கும் இறங்க விடுவதில்லை. புல் ஓடுபாதை என்றால் ஒரு பயிற்றுநரோடு போய் இறங்கிக் காட்ட வேண்டும் என்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் தளத்தைப் பற்றியோ விமானியின் அனுபவத்தைப் பற்றியோ நிபந்தனை இருக்கலாம். ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

நேராக வயலுக்குப் போகாதீர்கள்

நடுவில் ஒரு படி இருக்கிறது: ஆள் இருக்கும் புல் தளங்கள். ஹாம்ப்ஷயரில் ஏ303 சாலையை ஒட்டி பாப்ஹம் இருக்கிறது, கென்டில் ஹெட்கார்ன். கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபர்டில் கெட்டித்தளம் போட்ட ஓடுபாதைக்கு இணையாகவே புல் ஓடுபாதையும் உண்டு. 1938 ஆகஸ்டில் முதல் ஸ்பிட்ஃபயர்கள் பணிக்கு வந்து சேர்ந்தது அந்த டக்ஸ்ஃபர்டுக்குத்தான். போர் விமானங்களே புல்லிலிருந்து கிளம்பிய நாடு இது. ஆகவே புல் என்றதும் அதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் நான்கைந்து முறை இறங்கிப் பழகுங்கள். சக்கரத்தின் அடியில் புல் எப்படி இழுக்கிறது, பிரேக் எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறது, மூக்குச் சக்கரம் எப்படிக் குதிக்கிறது என்பதெல்லாம் உடம்புக்குப் பழக வேண்டும்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனைக் கேளுங்கள். 1946இல் வேறு பெயரில் தொடங்கிய பழைய சங்கம் அது. அதன் பயிற்சித் திட்டத்தில் இருப்பவர்கள் பலர் வாழ்நாள் முழுக்க வயலில் இறங்கியவர்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் பறப்பது பத்துக் காணொளிகள் பார்ப்பதைவிட மேல்.

உங்கள் சொந்தத் தளத்திலும் ஒரு பயிற்சி செய்யலாம். நீளமான ஓடுபாதையில் ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து, அங்கேதான் சக்கரம் பட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எட்டு முறை குறிக்கு முப்பது மீட்டருக்குள் வைக்க முடியாவிட்டால் வயல் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

போன் செய்வது

தனியார் ஸ்ட்ரிப் எதிலும் அனுமதி கேட்காமல் இறங்கக் கூடாது. வரைபடத்திலோ ஸ்கைடெமன் போன்ற விமானிகளுக்கான செயலியிலோ பெயர் இருக்கிறது என்பது அழைப்பு அல்ல. அது இன்னொருவர் நிலம். வீட்டு வாசலில் கார் நிறுத்தக் கேட்கிற நாம் வயலில் விமானம் நிறுத்தவும் கேட்க வேண்டும்.

அனுமதி மறுத்தால் மனம் கோண வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கும். இங்கிலாந்தில் விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குத் தற்காலிகமாகப் பயன்படுத்த, உள்ளாட்சியின் திட்ட அனுமதி இல்லாமல் ஓர் ஆண்டில் மொத்தம் 28 நாட்கள் இடம் உண்டு. பல ஸ்ட்ரிப்புகள் அந்த 28 நாட்களிலேயே ஓடுகின்றன. திட்ட அனுமதி வாங்கிய இடங்களிலும் ஒரு நாளைக்கு அல்லது ஓர் ஆண்டுக்கு இத்தனை விமானங்கள்தான் என்று உள்ளாட்சி நிபந்தனை போட்டிருக்கலாம். நீங்கள் ஒருமுறை வந்து போவது உரிமையாளரின் கணக்கில் ஒரு நாளையோ இரண்டு அசைவுகளையோ (இறங்குவது ஒன்று, கிளம்புவது ஒன்று) தின்றுவிடும். அக்கம்பக்கத்தில் ஒருவர் அதை எண்ணிக்கொண்டும் இருப்பார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு.

போனில் உங்கள் பெயர், விமானம், அனுபவம் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். "எனக்கு 90 மணி நேரம், புல்லில் ஆறு முறை இறங்கியிருக்கிறேன்" என்றால் நல்ல உரிமையாளர் அதற்கேற்பப் பேசுவார், தேவைப்பட்டால் "இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு வாருங்கள்" என்பார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு கேள்விகள். நீளம் மீட்டரா கெஜமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எப்போது கடைசியாகப் புல் வெட்டினீர்கள்? சரிவு எந்தப் பக்கம்? சர்க்யூட் (இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றி வரும் பாதை) எந்தப் பக்கம், எந்த வீட்டுக்கு மேல் பறக்கக் கூடாது? மின்கம்பி எங்கே? ஆடு மாடு ஓடுபாதையில் மேய்கிறதா, யார் ஓட்டிவிடுவார்கள்? பக்கத்து வயலில் என்ன பயிர், எவ்வளவு உயரம்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜூன் மாதத்தில் மஞ்சள் பூத்து முடிந்த ரேப் என்கிற எண்ணெய்வித்துப் பயிர் ஆளின் மார்பளவு நிற்கும். இறக்கை தாழ்ந்த பைப்பர் மாதிரி விமானம் குறுகிய ஓடுபாதையில் கொஞ்சம் ஓரம் சாய்ந்தால் போதும், இறக்கை நுனியைப் பயிர் பிடித்து இழுத்துத் திருப்பிவிடும். மார்ச்சில் பார்த்த ஸ்ட்ரிப்பும் ஜூனில் பார்ப்பதும் ஒன்றல்ல.

காரில் போய் நடங்கள்

யார் என்ன சொன்னாலும் இதை மட்டும் தட்டிக் கழிக்காதீர்கள். முதல்முறை போகும் ஸ்ட்ரிப்புக்குச் சாலை வழியாக ஒருமுறை போங்கள். செலவு பெட்ரோலும் ஒரு சனிக்கிழமையும்தான். உரிமையாளரோடு ஒரு தேநீர் குடிக்கும் வாய்ப்பும் கிடைக்கும். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பெட்டி பிஸ்கட்டாவது வாங்கிக்கொண்டு போங்கள். நம்மூர் வழக்கம்தான், அங்கேயும் செல்லும்.

முதலில் நீளம். வீட்டுத் தெருவில் 100 மீட்டர் அளந்து உங்கள் நடைக்கு எத்தனை அடி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 128. ஓடுபாதையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எண்ணிக்கொண்டே நடங்கள். வேலியிலிருந்து வேலிவரை இருப்பதெல்லாம் ஓடுபாதை அல்ல. கோடியில் சதுப்பாக இருக்கும் முப்பது மீட்டரைக் கழித்துவிடுங்கள்.

நடக்கும்போதே குதிகாலால் ஓங்கி அழுத்திப் பாருங்கள். குதிகால் புதைந்தால், ஏறக்குறைய முக்கால் டன் விமானத்தின் சின்னச் சக்கரம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். பொதபொதவென்று இருக்கும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மண் வகையும் முக்கியம். ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர் மேட்டுப் பகுதிகளில் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்து சில நாட்களில் நீர் இறங்கிவிடும். கென்ட், சசெக்ஸ் தாழ்நிலங்களில் களிமண். நவம்பரில் குடித்த தண்ணீரை மார்ச்வரை விடாது. பாப்ஹமில் குளிர்காலத்திலும் இறங்க முடிகிற வாரத்தில் ஹெட்கார்ன் பக்கம் சேறாகி மூடிக் கிடப்பதற்குக் காரணம் மேகத்தைவிட மண்தான்.

புல் உயரம் சக்கர விட்டத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய அளவுகோல். இருவர் அமரும் பயிற்சி விமானமான செஸ்னா 152இன் மூக்குச் சக்கரம் ஏறக்குறைய 35 செ.மீ. விட்டம். ஆகவே புல் பத்து செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உங்கள் கணுக்காலைப் புல் மூடினால் உரிமையாளரிடம் "எப்போது வெட்டுவீர்கள்?" என்று கேட்க வேண்டிய நேரம்.

மேடு பள்ளத்தை நடந்து கண்டுபிடிப்பது கடினம். மனிதக் கால் எல்லாவற்றையும் சமாளித்துவிடும். உரிமையாளர் சம்மதித்தால், தரை காய்ந்திருந்தால், காரை ஓடுபாதையில் மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பல் கடகடக்காமல் உட்கார்ந்திருக்க முடிந்தால் விமானத்துக்கும் சரி. முயல் வளைகளும், மோல் என்கிற பிராணி இரவோடு இரவாகத் தள்ளிவிடும் மண் குவியல்களும் வேறு கதை. நேற்று இல்லாதது இன்றைக்கு இருக்கும். முயல் வளையில் மூக்குச் சக்கரம் இறங்கினால் புரொபெல்லர் தரையில் அடிக்கும். புரொபெல்லர் அடித்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த பில்லின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம்.

சரிவை அளக்க இரண்டு கோடியிலும் நின்று உயரத்தைப் பாருங்கள். பிரிட்டன் அரசின் நில அளவை அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் உள்ள உயரக்கோடுகள் போதும். 640 மீட்டரில் 13 மீட்டர் ஏறினால் 2 சதவீதச் சரிவு. கண்ணுக்கு அது சமதளம் மாதிரிதான் தெரியும்.

மின்கம்பிகளை வானிலிருந்து பார்க்க முடியாது. மரக் கம்பங்களில் போகும் சாம்பல் நிறக் கம்பி வயலின் நிறத்தோடு கலந்துவிடும். தரையில் நிற்கும்போதே கம்பங்களைத் தேடி, ஒவ்வொன்றும் எந்தப் புதரை ஒட்டி, எந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் என்று படம் வரைந்துகொள்ளுங்கள். மேலேயிருந்து கம்பத்தைக் கண்டுபிடித்தால் போதும், கம்பி அங்கேதான் இருக்கும்.

நடந்து முடித்ததும் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று இறங்குவதற்கு: வேலி இடைவெளியோ தண்ணீர்த் தொட்டியோ, ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம். அதற்குள் சக்கரம் படவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிவிடுவது. இன்னொன்று கிளம்புவதற்கு: சரியாகப் பாதி நீளத்தில். அது எதற்கென்று பின்னால் வருகிறேன்.

வேலி வாசல் எந்தச் சாலையில் திறக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஏதாவது நடந்து 999க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸை எந்த வாசலுக்கு வரச் சொல்வீர்கள்? வயலுக்குக் கதவு எண் கிடையாது.

கணக்கு

இப்போது என் 700 கதைக்கு வருகிறேன். செஸ்னா 152, முழு எடை. கடல் மட்டம், 15 டிகிரி, காற்றில்லாத நாள், காய்ந்த தார் ஓடுபாதை. 50 அடி உயரத் தடையைத் தாண்டக் கையேடு தரும் கிளம்பும் தூரம் 1,340 அடி, அதாவது 408 மீட்டர். இறங்கும் தூரம் 1,200 அடி, 366 மீட்டர். இவை புது விமானத்தில் தேர்ந்த விமானி எடுத்த எண்கள். நாற்பது வயதான விமானத்தில் நீங்களும் நானும் எடுப்பவை அல்ல.

பிரிட்டனின் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியின் பாதுகாப்புத் துண்டறிக்கைகளில் இதற்கான பெருக்கல் எண்கள் உண்டு. கிளம்பும்போது காய்ந்த புல்லுக்கு 1.2, ஈரப்புல்லுக்கு 1.3. இறங்கும்போது காய்ந்த புல்லுக்கு 1.15, ஈரப்புல்லுக்கு 1.35. 2 சதவீத ஏற்றத்தில் கிளம்பினால் 1.1; அதே இறக்கத்தில் இறங்கினாலும் 1.1. வெப்பம் 10 டிகிரி கூடினால் கிளம்பும் தூரத்துக்கு 1.1. எடை 10 சதவீதம் கூடினால் 1.2. தரை இளகியிருந்தால் 1.25 அல்லது அதற்கும் மேல். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் கூட்டக் கூடாது, ஒன்றோடு ஒன்று பெருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பாதுகாப்புக்காக கிளம்புவதற்கு 1.33, இறங்குவதற்கு 1.43. சொந்தமாகப் பறப்பவருக்கு இந்தக் கடைசிப் பெருக்கல் கட்டாயமல்ல, பரிந்துரைதான். ஆனால் இதைச் செய்யாமல் நான் எந்த வயலுக்கும் போவதில்லை. உங்கள் விமானக் கையேடே புல்லுக்குத் தனிக் கணக்குத் தந்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

சமதளம், காய்ந்த புல் என்று போட்டுப் பார்த்தேன். இறங்க 366 × 1.15 × 1.43, அதாவது 602 மீட்டர். கிளம்ப 408 × 1.2 × 1.33, அதாவது 651. ஓடுபாதை 700 மீட்டர் என்றால் இரண்டும் அடங்கும். போய் இறங்கி உரிமையாளரோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தூறல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இதற்குக் கற்பனை எதுவும் தேவையில்லை. இப்போது கிளம்ப 408 × 1.3 × 1.33, 705 மீட்டர். அடங்காது. இறங்கியபோது ஓடுபாதையில் மீதி இருந்தது என்பது இப்போது உதவாது.

அது 640 மீட்டர் என்று தெரிந்த பிறகு? காய்ந்த புல்லிலும் இறங்க இடம் உண்டு, கிளம்ப இல்லை. நடந்து அளக்காமல் போயிருந்தால் அந்த ஓக் மரங்களை நோக்கித்தான் ஓடியிருப்பேன்.

வழி இல்லாமல் இல்லை. எடையைக் குறைக்கலாம். கூட வந்தவர் காரில் பாப்ஹம்வரை வரட்டும், நீங்கள் தனியாகக் குறைந்த எரிபொருளோடு கிளம்பி அங்கே அவரை ஏற்றிக்கொள்ளுங்கள். சரிவின் இறக்கத்தில், எதிர்க்காற்றுள்ள நேரத்துக்காகக் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் புல் காயும்வரை இன்னொரு தேநீர். மூன்றுமே கௌரவக் குறைச்சல் இல்லாத வழிகள்.

இறுகிய தரையில் ஆடு மேய்ந்து குட்டையாக, பச்சைப் பசேலென்று நிற்கும் ஈரப்புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இறங்கும் தூரம் 60 சதவீதம்வரை கூடலாம். பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், விமானம் நிற்காது. வெயில் நாளிலும் காலை ஒன்பது மணிவரை பனித்துளி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அழகான அதிகாலைப் படங்களை நம்பி அதிகாலையில் போகாதீர்கள்.

மேலேயிருந்து

பக்கத்து விமான நிலையத்தின் வானிலை அறிக்கையும் காற்றழுத்தமும் கையில் இருக்கட்டும். ஸ்ட்ரிப்புக்கென்று தனி அலைவரிசை இல்லை என்றால் அப்படிப்பட்ட தளங்களுக்கான பொது அலைவரிசையான சேஃப்டிகாம் 135.480இல் எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பதில் வராது. பதில் வராததால் வானம் காலி என்று பொருளில்லை. ரேடியோவே இல்லாத விமானங்கள் இங்கே நிறைய. கண்ணை வெளியே வையுங்கள்.

உயரத்திலிருந்து ஒரு சுற்று வந்து காற்றுப்பையைப் பாருங்கள். அது கிழிந்து தொங்கினால் பார்லி வயலைப் பாருங்கள். காற்று பயிரில் அலையலையாக ஓடும். அலை போகும் திசையே காற்றின் திசை. புல்லில் ஆடு இருந்தால் தாழப் பறந்து விரட்ட நினைக்காதீர்கள். மேலே சுற்றிக்கொண்டு காத்திருங்கள், உரிமையாளர் நாயோடு வருவார்.

கண் ஏமாற்றுவதைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும். தார் ரன்வேயின் அகலத்துக்குப் பழகிய கண் குறுகிய புல் பட்டையைப் பார்த்தால், "நாம் ரொம்ப உயரத்தில் இருக்கிறோம்" என்று நினைக்கும். ஏற்றமாகச் சரிந்த ஓடுபாதையும் அதே பொய்யைத்தான் சொல்லும். குறுகலும் ஏற்றமும் சேர்ந்த வயலில் இரண்டு பொய்யும் கூட்டுச் சேரும். நீங்கள் இறக்கிக்கொண்டே வருவீர்கள், வேலி திடீரென்று மேலே எழும்பும். நடந்து பார்த்த மரங்களின் உயரத்தை வைத்து உங்கள் உயரத்தைச் சரிபாருங்கள். ஓடுபாதையின் வடிவத்தை நம்பாதீர்கள்.

மலையடிவாரத்தில் ஏற்றமாக மட்டுமே இறங்கி, இறக்கமாக மட்டுமே கிளம்பும் ஒருவழி ஸ்ட்ரிப்புகள் உண்டு. ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கிவரும் கடைசிப் பகுதியில், ஓர் இடத்துக்குமேல் கோ-அரவுண்ட் கிடையாது. முதல் ஆண்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இறங்குவது

வேகம்தான் எல்லாம். செஸ்னா 152க்குக் குறுகிய இடத்தில் முழு ஃபிளாப்போடு (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடிப்பு) 54 நாட் (மணிக்கு 54 கடல் மைல்) என்கிறது கையேடு. பயத்தில் "ஐந்து கூட வைத்துக்கொள்வோம்" என்று 59இல் வந்தால், விமானத்தின் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த மிச்ச ஆற்றலைக் கரைக்க வயல் நீளம் போதாது. மரவரிசைக்குப் பின்னால் காற்று திடீரென்று அடங்கி விமானம் தொப்பென்று விழப் பார்க்கும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலில் கை இருக்கட்டும்.

சக்கரம் பட்டதும் கன்ட்ரோலை முழுக்க உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். மூக்குச் சக்கரத்தை எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நல்லது. இளகிய தரை என்றால் ஓடுபாதையில் நிற்காதீர்கள், உருண்டுகொண்டே ஓரத்துக்குப் போய்விடுங்கள். நின்றுவிட்டால் மறுபடி நகர எஞ்சின் திணறும், சக்கரம் குழி தோண்டும்.

கிளம்புவது

ஈரப்புல்லில் மெதுவாக உருண்டு போகும்போது, ஈரக் காற்று எஞ்சினின் கார்புரேட்டரில் பனியாகக் கட்டக்கூடும். கிளம்புமுன் அதைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டை இழுத்து நன்றாகச் சோதித்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு மேல் உறை போட்ட விமானமானால் அதற்குள் வெட்டிய புல்லும் சேறும் அடைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குளிர்காலத்தில் அந்த உறைகளைக் கழற்றி வீட்டில் வைப்பதே உத்தமம்.

ஓடுபாதையின் ஓர் அங்குலத்தைக்கூட வீணாக்காமல் கோடியிலிருந்து தொடங்குங்கள். 10 டிகிரி ஃபிளாப், கன்ட்ரோல் பின்னால். மூக்கு எழுந்ததும் கொஞ்சம் தளர்த்துங்கள். விமானம் தரையை விட்டதும் மேலே இழுக்காமல், தரையை ஒட்டியே பறக்கவிட்டு வேகம் சேருங்கள். தரையை ஒட்டிய காற்று கொஞ்சம் தாங்கும். அந்தத் தாங்கலை நம்பிச் சீக்கிரம் மூக்கைத் தூக்கியவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பாதி நீள அடையாளம். அதைக் கடக்கும்போது, விமானம் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 50 நாட் வேகத்தில் எழும்பும் செஸ்னாவுக்கு 35 நாட். சீராக வேகமெடுக்கும் எதுவும் பாதித் தூரத்தில் முழு வேகத்தின் ஏறக்குறைய 71 சதவீதத்தை எட்டும், கணக்கு அவ்வளவுதான். 35 வரவில்லை என்றால் மீதிப் பாதியில் 50 வராது. திராட்டிலை மூடி நிறுத்துங்கள். ஈரப்புல்லில் நிற்கவே நிறையத் தூரம் பிடிக்கும். அதனால் ஈர நாட்களில் அந்த அடையாளத்தைத் தொடங்கும் கோடிக்கு இன்னும் அருகில் வையுங்கள். அடையாளத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போமே" என்று மனம் கெஞ்சும். அதனால்தான் அடையாளத்தை முந்தின வாரமே, தரையில் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

விமானத்தை விட்டுவிட்டுப் போவதானால்

மாடு மேயும் வயலில் விமானத்தைத் தனியாக விடாதீர்கள். துணி போர்த்திய பழைய விமானங்களை மாடு நக்கும், கடிக்கும். உலோக விமானமென்றால் முதுகு சொறிய வால் பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளும். எருமை கட்டுத்தறியில் உரசுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்வேலி இருந்தால் அதற்குள் நிறுத்துங்கள். கயிற்றால் மூன்று இடத்தில் கட்டுங்கள்.

கொட்டகை வாசலில் ஒரு பழைய டப்பா இருக்கும், இறங்கியதற்கான பணத்தை அதில் போட வேண்டும். யாரும் பார்க்க மாட்டார்கள். எழுதப் புத்தகம் இருந்தால் பதிவு எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள்; உரிமையாளரின் 28 நாள் கணக்குக்கு அது ஆவணம். உங்கள் சக்கரம் தோண்டிய தடத்தைக் காலால் மிதித்து மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அது காய்ந்து கல் மாதிரி இறுகும், அடுத்து வருகிறவரின் மூக்குச் சக்கரம் அதில் ஏறும். கிளம்பி மேலேறும்போது முந்தின வாரம் போனில் சொன்ன அந்த வீட்டுக்கு மேல் திரும்பாதீர்கள். "டாடா" காட்டத் தாழப் பறப்பதும் வேண்டாம்.

வீடு சேர்ந்ததும் உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: பத்திரமாக வந்துவிட்டேன், காற்றுப்பைக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு முயல் வளை பார்த்தேன், வேலி வாசலைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.